ஊசி அடுத்த வாரம் வந்துவிடும்

ஜனவரி 5, வியாழன்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. லூர்தம்மாள் இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் தந்தாள். "நீ மனசுல உள்ளத வாயால சொல்ல மாட்ட. இதுலயாவது எழுது" என்றாள். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவள் அவள். மத்தியானம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். என் குழம்பு அவளுக்கு, அவள் கூட்டு எனக்கு.

வியாழக்கிழமை ஊசி நாள். காலையிலேயே கூடத்தில் இடமில்லை. பீடி சுற்றும் பெண்கள் தட்டையும் மடியில் வைத்துக்கொண்டே வருவார்கள். பெயரைக் கூப்பிடும்வரை கை ஓடிக்கொண்டிருக்கும். கூடம் முழுக்கப் புகையிலைத் தூள் வாசம். ஒரு ஊசி போட்டால் மூன்று மாதத்துக்குப் பிள்ளை தங்காது. அரசாங்கத்திலும் இலவசமாகப் போடுகிறார்கள்தான். ஆனால் ஊர் நர்ஸ் யாராவது ஒருத்தியின் மாமியாருக்குச் சொந்தமாக இருப்பாள். இங்கே அட்டைக்கு இருபது ரூபாய், அதோடு சரி. எதற்கு வந்தார்கள் என்பது வெளியே போகாது. வயிற்றுவலி என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள், வயிற்றுவலிக்காரியாகவே திரும்பிப் போவார்கள்.

என் புடவையில் குத்தியிருக்கும் அட்டையில் 'ஆவுடைத்தங்கம், ஆலோசகர்' என்று இருக்கிறது. பெண்கள் என்னை ஊசிக்கார அக்கா என்கிறார்கள். ஊசி போடுவது நர்ஸ். நான் பேசுவதோடு சரி. எது யாருக்கு ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது, பயப்படலாமா வேண்டாமா. இது ஒரு வேலையா என்று என் மாமியார் கேட்பார்.

அரசியம்மா இது வேலை என்றார். டாக்டர் மங்கையர்க்கரசி. மாமனார் விட்டுப்போன வீட்டை இடித்து இந்தத் தொண்டு ஆஸ்பத்திரியைக் கட்டியவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் ஓட்டும் மினி பஸ்ஸின் பின்சீட்டிலேயே என்னைப் படுக்கவைத்து இங்கே கொண்டுவந்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் சண்முகவேல். அன்றைக்கு அரசியம்மா என் கையை விடவே இல்லை. "நீ இருக்கல்லா, அது போதும்" என்றார். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஜனவரி 19, வியாழன்

பொங்கல் லீவு முடிந்து கூட்டம் நெரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில் குடும்பம் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்திருந்தார்கள். அண்ணன், தம்பி, தம்பியின் மனைவி. அரசியம்மா பட்டுப் புடவை உடுத்தியிருந்தார். அவரைப் பட்டில் நான் பார்த்ததே இல்லை.

கூடத்து வாசலில் நின்று கூட்டத்தைக் காட்டினார். "இது ஒரு நாளைக்கு வர்ற கூட்டம். இவ ஆவுடை. இவ சொன்னா சுத்துப்பட்டு ஊர்கள்ல மறுபேச்சு கிடையாது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. தம்பியின் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்றார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, வியாழன்

பேச்சியம்மாள் வந்தாள். அவளுக்கு இன்று நாள். ஊசி இல்லை.

பேச்சி கீழத்தெருவில் பீடி சுற்றுகிறாள். மூன்று பெண் பிள்ளைகள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு சுருங்கிப்போய்விட்டது. மூன்றாவது பிரசவத்திலேயே பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் பிழைத்தது பெரிய விஷயம். இன்னொன்று உண்டானால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். புருஷன் சுடலைமணி கேரளத்தில் ஹோட்டலில் பரோட்டா போடுகிறான். அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் ஆண் பிள்ளை வேண்டும். ஆபரேஷன் என்றாலே வீட்டில் சாமியாடுவார்கள். சாதாரண கருத்தடை மாத்திரை இவள் இதயத்துக்கு ஆகாது. ஊசிதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ஸ்டாக் வரலயாம். அடுத்த வாரம் வந்துரும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிக்கா" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 2, வியாழன்

வரவில்லை.

மார்ச் 9, வியாழன்

இன்றும் இல்லை. காப்பர் டீ போடலாம் என்றால் அதுவும் தீர்ந்துவிட்டதாம். ஆணுறைப் பொட்டலங்கள் மட்டும் இருக்கின்றன. பெண்கள் அதை வாங்கி, சிரித்து, திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அரசியம்மாவிடம் போய், "பேச்சியை மட்டுமாவது பாளையங்கோட்டைக்கு அனுப்பட்டாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அலைய விடுத? கம்பெனியில பேசிட்டேன். அடுத்த வாரம் வந்துரும். யாரையும் எங்கயும் அனுப்ப வேண்டாம். அங்க போனா வீட்டுக்குத் தெரிஞ்சிரும், பொறவு அந்தப் பிள்ளைதான் அடிபடும்."

அதுவும் சரிதான். ஊசியின் நாள் தவறினாலும் நாலு வாரம் வரை பயமில்லை என்று பேச்சிக்குச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 14, செவ்வாய்

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு காயில் போய்விட்டது என்றான். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. எனக்குத் தலைவலி. அவர் மட்டும் போய் மொய் வைத்துவிட்டு வந்தார். இலையில் மிச்சம் வைத்த அதிரசத்தைக் காகிதத்தில் சுற்றி எனக்குக் கொண்டுவந்தார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மார்ச் 23, வியாழன்

பேச்சி இன்றைக்குத் தட்டு கொண்டுவரவில்லை. முகம் சரியில்லை.

"பங்குனி உத்திரத்துக்கு அவிய வாராவக்கா. சாஸ்தா கோயிலுக்குப் போயிட்டு, சித்திர முழுக்க இங்கதான் இருப்பாவளாம். எனக்குப் பயமா இருக்கு."

"அதுக்குள்ள வந்துரும்."

"நெசமாவா?"

"அம்மாவே கம்பெனியில பேசியிருக்காங்க. நான் பொய் சொல்வனா உங்கிட்ட?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க சொன்னா அந்த மீனாட்சி சொன்ன மாதிரி" என்றாள். போகும்போது என் கையில் ஒரு பை முருங்கைக்காய் திணித்தாள். சாம்பார் வைத்தேன்.

ஏப்ரல் 6, வியாழன்

நேற்று உத்திரம். எங்கள் சாஸ்தா கோயில் குளத்துக்கரையில் பொங்கல் பானை வைக்கவும் இடமில்லை. தூரத்தில் பேச்சியைப் பார்த்தேன். புதுச் சேலை. சுடலைமணி சின்ன மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். பேச்சி என்னைப் பார்த்தாள். கண்ணால் 'ஊசி வந்துட்டா?' என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். அவளுக்கு எப்படிப் புரிந்ததோ.

இன்று ஆஸ்பத்திரி மாடியில் பெயிண்டர்கள். மூன்று அறைகளையும் ஒன்றாக்கி வெள்ளை டைல் ஒட்டுகிறார்கள். குளிர்சாதன மெஷின் இரண்டு வந்து இறங்கியது. ஒரு ஊசி வந்து சேராத இடத்துக்கு இதெல்லாம் எப்படி என்று சாப்பிடும்போது லூர்தம்மாளிடம் கேட்டேன்.

"புது லேபு" என்றாள். கூட்டைக் கிளறிக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. உப்புக் கூடிவிட்டதோ என்னவோ, பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

ஏப்ரல் 28, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

திருநெல்வேலிக்குப் போனேன். மோட்டாருக்குச் சாமான் வாங்குவது ஒரு வேலை. மொத்த மருந்துக் கடையில் நானே ஊசியைக் கையோடு வாங்கிவந்துவிடலாம் என்பது இன்னொன்று. லாரி வரவில்லை, ஆள் இல்லை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொல்கிறார்களே, நான் தூக்கிக்கொண்டு வந்தால் அரசியம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஐஸ் போட்டுக் கொண்டுவர வேண்டியிருக்குமோ என்று பெரிய தூக்குச் சட்டி ஒன்றும் எடுத்துப் போயிருந்தேன்.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார்.

"ஊசி எப்ப வரும் அண்ணாச்சி?"

"எந்த ஊசி?"

சொன்னேன். அவர் உள்ளே திரும்பி ஒரு ஆளிடம் ஏதோ சொன்னார். அவன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். நிறைய இருந்தது.

"இது எப்பவும் இருக்கும்மா. உங்க டாக்டரம்மாதான் தையிலயே போன் போட்டு, இனிமே வேண்டாம், நிறுத்திருங்கன்னு சொல்லிட்டாவ. காப்பர் டீயும் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. காப்பி வாங்கித் தந்தார், குடித்தேன். பஸ்ஸில் வந்தேன். மோட்டார் சாமான் வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 29, சனி

அரசியம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"திருநெல்வேலிக் கடைக்குப் போயிருந்தேன்மா."

"உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை.

"ஆவுடை, நர்ஸுங்களுக்குச் சம்பளம் குடுக்க என் வளையலக் கழட்டினது உனக்குத் தெரியும். ஒவ்வொருத்தன் வாசல்லயும் நின்னாச்சு. பிள்ள வேண்டாம்ங்கிறவளுக்கு எதுக்குக் குடுக்கணும்னு கேட்டான். இந்தக் கோயம்புத்தூர்க்காரங்க பிள்ள வேணும்ங்கிறவங்களுக்குக் குடுக்கோம்ங்கிறாங்க. அவங்க அம்மா பேர்ல குழந்தைப்பேறு மையம். பெரிய ஊர்ல லட்சம் லட்சமா வாங்குற சிகிச்சைய ஏழைகளுக்கு இங்க செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. அதே கட்டடத்துல கருத்தடை வேண்டாம். இதுல நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"

"மையம் கட்டுறதத் தப்புன்னு நான் சொல்லல. ஏன் சொல்லாம விட்டீங்க? தையிலயே சொல்லியிருந்தா அவ்வளவு பேரையும் பாளையங்கோட்டைக்கு அனுப்பியிருப்பேனே."

"அனுப்பியிருந்தா கூடம் காலியாயிருக்கும். மாசா மாசம் அவங்க ஆள் வந்து பாக்காங்க. காலிக் கூடத்தைக் காட்டியா கையெழுத்து வாங்கச் சொல்லுத?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்புதான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

"உனக்குப் பொய் சொல்ல வராது. தெரிஞ்சிருந்தா உன் மூஞ்சியே காட்டிக்குடுத்திரும். நீ நம்பிச் சொன்னாத்தான் அவளுக நம்புவாளுக."

பதினோரு வருஷம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன். என் வாயைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கதவைத் திறக்கும்போது கூப்பிட்டார். "மாடியில முதல் பேரு உன் பேருதான். ஒத்தப் பைசா வேண்டாம். உனக்கு வயசு முப்பத்தேழுதான் ஆகுது. இன்னும் நேரமிருக்கு. யோசிச்சுப் பாரு."

வெளியே லூர்தம்மாள் நின்றிருந்தாள். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அழுதாள். தெரியும் என்று அர்த்தம்.

மே 4, வியாழன்

வேலைக்குப் போனேன்.

மாடியில் எனக்கு ரத்தம் எடுத்தார்கள். வெறும் பரிசோதனைதான். அதனால் எதுவும் ஆகிவிடாது.

கூடத்தில் கூட்டம். லூர்தம்மாள் ஜன்னலிலிருந்து, அடுத்த வாரம் வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து மேஜையில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். யார் யார் வந்தார்கள் என்று கவனிக்கவில்லை. நிறைய வேலை.

மே 9, செவ்வாய்

எதிர்வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. ஆண் குழந்தையாம். அவர் பஸ் ஷெட்டுக்குப் போகும் வழியில் ஒரு நிமிஷம் நின்று அந்தக் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

மே 11, வியாழன்

ஸ்கேன் எடுத்தார்கள். வாய்ப்பு இருக்கிறது என்று கோயம்புத்தூரிலிருந்து வந்த புது டாக்டர் சொன்னார். 'வாய்ப்பு' என்ற சொல்லை வீடு வந்து சேரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உறுதியானதும் சொல்லலாம்.

மே 18, வியாழன்

பேச்சி வந்தாள். படி ஏறவே மூச்சு வாங்கியது. கூடத்துக்குள் வராமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

"நாள் தள்ளிப் போச்சுக்கா."

நானே பரிசோதனை செய்தேன். இரண்டு கோடு. அவளைப் பார்க்காமல் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. "எம் புள்ளைகள யாரு பாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அரசியம்மாவிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். பிறகு, "இங்க ஒண்ணும் செய்ய முடியாது. பாளையங்கோட்டைக்கு அனுப்பு" என்றார்.

மார்ச் மாதம் அனுப்பக்கூடாது. இப்போது அனுப்பலாம்.

மே 19, வெள்ளி

பேச்சியோடு பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சுடலைமணி கேரளத்துக்குத் திரும்பிவிட்டான். அவள் மாமியாரிடம் நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இந்த முறை அதில் பொய்யில்லை.

பிரசவ டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து பார்த்தார்கள். கருவைக் கலைக்க வேண்டும், கலைப்பதிலும் ஆபத்து உண்டு, இன்னும் தள்ளிப்போனால் அதைவிட ஆபத்து என்றார்கள். கூடவே கருத்தடை ஆபரேஷனும் செய்துவிடலாம் என்று அந்த டாக்டர் பெண் சொன்னபோது பேச்சி, "வீட்டுக்காரவுக கையெழுத்து?" என்று கேட்டாள்.

"உன் கையெழுத்து போதும்."

"என்னது மட்டுமா?"

"உன் உடம்புதானம்மா. உன்னது மட்டும்தான்."

இதை நான் அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டதுபோல அவள் கேட்டுக்கொண்டாள்.

மே 20, சனி

வார்டில் அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். நாளை மறுநாள் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். டாக்டரம்மா ஊசியை நிறுத்தியது, கோயம்புத்தூர்க்காரர்கள், எல்லாம்.

பேச்சி கஞ்சியை விழுங்கிவிட்டுக் கேட்டாள். "ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"சித்திரை நடுவுலதான். அதுக்கு முன்னாடி சத்தியமா தெரியாது பேச்சி. நானும்தான் ஏமாந்தேன்."

"பொறவு?"

"பொறவுன்னா?"

"மே மாசம் மொத வியாழக்கிழம நான் வந்தேன். லூர்தம்மா அடுத்த வாரம்னு சொன்னா. நீங்க பக்கத்து மேசையில அட்டய அடுக்கிக்கிட்டு இருந்திய. ஒங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க தல நிமிரல."

நான் கஞ்சியைக் கிளறினேன்.

"அவ சொன்னா நான் போயிருக்க மாட்டேன். நீங்க பக்கத்துல இருந்தியன்னுதான் நம்பிப் போனேன். டாக்டரம்மா என்னைய ஏமாத்தல. அவிய எங்கூட பேசினதே கெடயாது."

கஞ்சிக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மிச்சத்தைத் தானே குடித்தாள்.

மே 22, திங்கள்

செய்துவிட்டார்கள். மத்தியானம் உள்ளே கொண்டுபோனார்கள். நடுவில் ஒரு நர்ஸ் ஓடினாள், இன்னொரு நர்ஸ் ஓடினாள், யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் சுவரோரம் உட்கார்ந்து அங்கே ஒட்டியிருந்த தாய்ப்பால் போஸ்டரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வெளியே வந்த டாக்டர் பெண் முகமூடியை இறக்கி, "தப்பிச்சுட்டா. ரெண்டு நாள் போகட்டும், அப்புறம்தான் நிச்சயமா சொல்லுவேன்" என்றார்.

மே 25, வியாழன்

சுடலைமணி வந்துவிட்டான். பஸ்ஸில் வந்த கசங்கின சட்டையோடு கட்டிலின் தலைமாட்டில் நின்றான். சண்டை வரும் என்று பயந்தேன். பேச்சி ஆக்ஸிஜன் குழாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டு அவனிடம் நேராகவே சொன்னாள். ஊசி போட்டது, கலைத்தது, ஆபரேஷன் செய்தது, ஒன்றையும் விடவில்லை. "நான் செத்துப்போயி ஒனக்கு ஆம்பளப் புள்ள பெத்துத் தரணுமா, இல்ல இந்த மூணுக்கும் சோறு பொங்கிப் போடணுமா, நீயே சொல்லு."

அவன் வாசலுக்குப் போய் நின்றான். வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கையில் இளநீர் இருந்தது. உறிஞ்சுகுழலைப் போட்டு அவள் வாயில் வைத்தான்.

நான் பையை எடுத்துக்கொண்டேன். "போயிட்டு வாரேன் பேச்சி" என்றேன். அவள் இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 5, திங்கள்

மாடியிலிருந்து போன் வந்தது. சிகிச்சை நாளை ஆரம்பிக்கலாமாம். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று யார் சொன்னது.

ஜூன் 8, வியாழன்

மையத்தின் திறப்பு விழா. கூடம் நிறைந்திருக்க வேண்டும் என்றுதான் வியாழக்கிழமையாகப் பார்த்து வைத்திருந்தார்கள். வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், மில் குடும்பத்து அம்மாவின் பெரிய படம். வேலை செய்யும் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை கொடுத்திருந்தார்கள். நான் என் பழைய சேலையில் போய், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன்.

தட்டோடு வரும் பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்திச் சொன்னேன். "உள்ள ஊசி கிடையாது. அடுத்த வாரமும் கிடையாது. இனிமே எப்பவும் கிடையாது. தை மாசமே நிறுத்திட்டாங்க. பாளையங்கோட்டையில இருக்கு, காசு வேண்டாம், இந்த ஊர்க்காரங்க யாரும் அங்க வேல பாக்கல."

முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு ஒருத்தி, "அப்ப இவ்வளவு நாளும் என்ன மயித்துக்குக்கா எங்கள இழுத்தடிச்சிய?" என்றாள். இன்னொருத்தி தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் என்ன கேட்க. ஒரு வயசான அம்மா மகளுக்காக வந்தவர், "எங்கள ஆளாளுக்கு வித்துட்டிய" என்று சொல்லிவிட்டு மண்ணை அள்ளித் தூற்றினார். அது என்மேல் விழுந்தது.

லூர்தம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அம்மா கூப்பிடுதாவ. உள்ள வா. இப்பிடிச் செய்யாத, உன் வேலை போயிரும்."

"போகட்டும்."

"நான் மூணு பொட்டப் புள்ளைகள வச்சிருக்கேன் ஆவுடை. எனக்கு வேலை வேணும். என்னைய மன்னிச்சிரு."

அவளை மன்னிக்கும் இடத்தில் நானே இல்லை. புடவையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். மாடி ஜன்னலில் அரசியம்மா நின்றார். கையை அசைக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. உள்ளே நாதஸ்வரம் தொடர்ந்து வாசித்தார்கள். கூடம் பாதிதான் நிறைந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜூன் 10, சனி

லூர்தம்மாள் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் வைத்து. நல்ல எண்ணத்தில்தான், அவர் சொன்னாலாவது நான் கேட்பேன் என்று.

அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். சோறு போட்டேன். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "ரத்தம் குடுத்த, ஸ்கேன் எடுத்த, வாய்ப்பு இருக்குன்னு சொன்னாங்க, வேண்டாம்னுட்டு வந்துட்ட. இவ்வளவும் நடந்திருக்கு" என்றார்.

"அந்த இடத்துல எனக்கு வேண்டாம்னு தோணிச்சு."

"வேண்டாம்னு சொன்னது தப்புன்னு சொல்ல வரல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அது உனக்கு மட்டும் போன பிள்ளை இல்ல ஆவுடை. மூணு தடவையும் நானும்தான் இருந்தேன்."

பதினோரு வருஷத்தில் அவர் அந்த எண்ணிக்கையை வாயால் சொன்னது இதுதான் முதல் முறை. சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். நான் எச்சில் தட்டை எடுக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 15, வியாழன்

தெருத் தெருவாகப் போய்ச் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் நிற்பேன், வருகிறவர்களைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்று. பீடிக் கடையில் இலை வாங்க நின்ற பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். பேச்சியும் அங்கே இருந்தாள். உடம்பு தேறியிருக்கிறது. இலைக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்து போனாள்.

காலையிலிருந்து வெயில் ஏறும்வரை நின்றேன். யாரும் வரவில்லை.

ஜூன் 22, வியாழன்

இன்றும் நின்றேன். அவரிடம் இன்னும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. ஆனாலும் காலையில், "குடை எடுத்துக்கோ" என்றார்.

வெகு நேரம் கழித்து ஒரு பெண் வந்தாள். கீழத்தெருதான், பெயர் தெரியவில்லை. கைக்குழந்தை. என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றாள். தூரத்தில் ஹார்ன் கேட்டதும் பக்கத்தில் வந்தாள்.

"பேச்சி மதினி சொன்னாவ, அங்க நல்லா பாக்காவன்னு."

"வா, நானும் வாரேன். எனக்கு அங்க எல்லாரையும் தெரியும்."

"வேண்டாம்." உடனே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் வேண்டாத சாமானை விலக்கி வைப்பதுபோல் சொன்னாள். "நீங்க வர வேண்டாம். எந்த ரூமுன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். மெயின் கேட்டில் நுழைந்து இடது பக்கம், பிரசவ வார்டுக்கு முன்னால், பச்சைக் கதவு. அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நடத்துனரிடமும் அதையே சொல்லி, சரிதானா என்று கேட்டாள். அவர் சரி என்ற பிறகுதான் ஏறினாள்.

பஸ் போனது. நிழலுக்குப் போய் நின்றுகொண்டேன். அடுத்த பஸ்ஸுக்கும் யாராவது வரலாம்.